திண்ணையும் காரையும்

மழை பெய்த ஓர் இரவில், திருக்கோவலூரில், ஒரு வீட்டின் இடைகழியில் மூவர் ஒதுங்கி நின்றனர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே கொண்ட சிறிய இடம் அது. பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் அங்குச் சந்தித்ததிலிருந்தே திவ்வியப் பிரபந்தப் பாடல் மரபு தொடங்கிற்று என்று வைணவப் பெரியோர் கூறுவர். வீட்டுக்கு உரியவர் இன்னார் என்பதைப் பற்றி எவரும் பெரிதும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்குவோருக்கு இடம் தரும்படி அந்த வீட்டின் வெளிப்பகுதி கட்டப்பட்டிருந்தது என்பதே கதைக்குப் போதுமானதாக இருந்தது.

இஸ்லாமிய வரலாறு அறிந்தோருக்கு இதனைக் கேட்டவுடன் மதீனா நினைவுக்கு வரும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் கூரையிட்ட ஒரு மேடை இருந்தது. வீடுவாசல் அற்ற தோழர்கள் அங்கே தங்கினர், உண்டனர், கற்றனர். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அங்கிருந்து பயின்றவரே. அரபியில் 'அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா' எனப்பெறும் அவர்களைத் தமிழ் முஸ்லிம்கள் 'திண்ணைத் தோழர்கள்' என்று வழங்கி வருகின்றனர். இப்பெயரை முதன்முதல் இட்டவர் எவராயினும், அவர் அகராதியைப் புரட்டியிருக்கமாட்டார். தம் தெருவைத்தான் எண்ணிப் பார்த்திருப்பார்.

வீட்டின் உட்பகுதி குடும்பத்துக்கு உரியது. அங்கே எவரும் தலையிட உரிமையில்லை. ஆயின் வீட்டின் முகம் அவ்வாறன்று. திண்ணை, தாழ்வாரம், தூண்கள், நிலைக்கதவு, கைப்பிடிச்சுவர், அதன்மேல் உள்ள சுதை வேலைப்பாடு ஆகிய யாவும் தெருவில் செல்வோர் கண்ணுக்கும் காலுக்கும் உரியவை. பட்டா ஒருவர் பெயரில் இருக்கலாம். நிழலுக்குப் பட்டா கிடையாது. எனவே ஒரு பழைய வீட்டின் வெளிமுகப்பைச் செப்பனிடுவது தனி மனிதரின் விருப்பம் மட்டுமே என்று விட்டுவிடாமல், ஊர்ப்பொதுக் காரியமாகவும் கருத வேண்டும் என்பது என் கருத்து. அதனை எவ்வாறு செய்வது, யார் கையால் செய்விப்பது என்பதிலும் எனக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு. கல்வி நிலையத்து மலர் ஒன்றில் கொத்துவேலையைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சிலர் வினவலாம். தமிழ்த் துறை சொற்களைக் காக்கும் துறை. நீற்றுதல், காரை, போதிகை, சிற்றோடு, கரணை என்னும் சொற்கள் தாளில் மட்டும் வாழா. அவற்றைக் கையாளும் கைகள் இருக்கும்வரைதான் வாழும்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நம் இரு நகரங்களின் பழைய தெருக்களில் இன்று நடந்து பார்ப்போர் இரு வகையான வீடுகளைக் காண்பர். முதல் வகை, காரை பெயர்ந்து செங்கல் தெரிய, கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்து நிற்பவை. இரண்டாம் வகை 'புதுப்பிக்கப்பட்டவை'. திண்ணை இடிக்கப்பட்டு இரும்புக் கதவு வந்திருக்கும். சுவர் முழுவதும் சிமெண்டு பூசப்பட்டிருக்கும். அதன்மேல் பளிங்கு போன்ற ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கும். முதல் வகை வீட்டைக் கண்டு நாம் வருந்துகிறோம். இரண்டாம் வகை வீட்டைக் கண்டு மகிழ்கிறோம். உண்மையில் முதல் வகை வீடு இன்னும் பிழைக்கக்கூடும். இரண்டாம் வகை வீட்டின் நோய் உள்ளே சென்றுவிட்டது. இதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

நமக்கு அருகிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 முதல் இரயில் ஓடுகிறது. திண்டிவனத்திலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். அங்கே பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அதன் தென்புறத்தில் காஜி தெரு, முல்லா தெரு முதலிய தெருக்களைக் கொண்ட முஸ்லிம் பகுதி. சுற்றுலா வருவோர் கடற்கரையை ஒட்டிய மஞ்சள் நிறச் சுவர்களையே படம் எடுத்துச் செல்வர். ஆயினும் நமக்குப் பாடம் தருவது மேற்குப் பகுதியே.

தமிழர் பகுதியில் வைசியாள் தெரு என ஒன்று உண்டு. கால்வே சுப்புராயச் செட்டியார் தெரு என்பது அதன் மற்றொரு பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஏசியா அர்ப்ஸ்' திட்டத்தின்கீழ், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், புதுச்சேரி நிர்வாகமும் இன்டாக் அமைப்பும் இத்தெருவைத் தேர்ந்தெடுத்தன. இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரமும் இதில் பங்காளிகளாக இருந்தன. தெருவில் வரிசையாக நின்ற தனியார் வீடுகளின் வெளிமுகப்புகள் மட்டும் செப்பனிடப்பட்டன. அடைக்கப்பட்டிருந்த திண்ணைகள் திறக்கப்பட்டன. தெருவின் மேல் சரிந்து நிழல் தரும் தாழ்வாரங்கள் மீண்டும் எழுந்தன. செலவின் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்றது; மறுபகுதியை வீட்டுக்காரர் ஏற்றனர். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இத்தெருவுக்குக் கிடைத்தது.

விருதைக் காட்டிலும் அவர்கள் வகுத்துக்கொண்ட எல்லைதான் என்னைக் கவர்கிறது. உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று வீட்டுக்காரரை அவர்கள் கேட்கவில்லை. சமையலறையை மாற்றுவதும், கழிப்பறை கட்டுவதும், மாடிப்படி வைப்பதும் குடும்பத்தின் உரிமை. தெருவைப் பார்த்த சுவர் ஒன்றே பேச்சுக்குரியதாயிற்று. அதுவும் ஒரு வீட்டை எடுத்து அழகுபடுத்திக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. தெருவின் நீளத்தை எடுத்துக்கொண்டனர். ஒரு தாழ்வாரம் தனித்து நின்றால் அது விந்தை. பத்து தாழ்வாரங்கள் தொடர்ந்து நின்றால் அது நடைபாதை. நம் முன்னோர் கட்டியது நடைபாதையைத்தான்.

புதுச்சேரியின் இன்னொரு வீட்டையும் இங்குக் குறிக்க வேண்டும். துய்ப்பிளேக்ஸின் துபாஷாக விளங்கி, 1736 முதல் தம் இறுதிக் காலம் வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அது. கீழ்த்தளத்தில் நம் தச்சர் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய முறையில் எழுப்பிய செங்கற்காரைத் தூண்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரை இடித்தபோதும் எஞ்சிய வீடு. பிறநாட்டு வடிவங்களை ஏற்பதில் நம்மவர்க்கு அன்றும் தயக்கம் இருந்ததில்லை என்பதற்கு அம்மேல்தளமே சான்று. வடிவம் வெளியிலிருந்து வந்தது; சாந்து நம்முடையதாக இருந்தது. இன்று வடிவமும் சாந்தும் ஒருங்கே போய்விட்டன.

இனிச் சாந்தைப் பற்றி. இதனை மாணவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். ஏனெனில் இது வேதியியல் வகுப்பில் கற்ற ஒன்றுதான். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பின்மேல் நீர் வார்த்தால் கொதித்துப் பூக்கிறது. இதுவே நீற்றுதல். நீற்றிய சுண்ணாம்பை உடனே பயன்படுத்தலாகாது. தொட்டியில் நீர் மூடி நிற்க, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊற விடுவர். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வழுவழுப்பு. பின்னர் மணலுடன் கலந்து கல்லுருளையில் அரைப்பர். கடுக்காயை உடைத்துப் பல நாள் ஊறவைத்த துவர்நீரும், பனைவெல்லம் கரைத்த நீரும் இதில் சேரும். சாந்து எளிதில் இழுபடவும், நிதானமாக இறுகவும், பிற்பாடு மழைக்கு ஈடுகொடுக்கவும் இவை உதவுவன. எந்த அளவு என்று கேட்டால் ஊருக்கொரு கணக்கு, கொத்தனாருக்கொரு கணக்கு. மணலின் தன்மை மாறினால் கணக்கும் மாறும்.

பூச்சு ஒரே நாளில் முடிவதன்று. முதற்பூச்சு கரடுமுரடாக இருக்கும். அது இறுகிய பின்னர் அதனினும் நுண்ணிய இரண்டாம் பூச்சு. இறுதியில் வெண்ணெய்ப் பதத்தில் அரைத்த மேற்பூச்சு. செட்டிநாட்டில் இம்மேற்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்கினர். தொடும்போது குளிர்ச்சி தரும் அச்சுவர்களை இன்றும் காணலாம். ஒவ்வொரு பூச்சையும் ஈரச் சாக்கால் மூடிக் காத்தல் வேண்டும். வெயில் சுட்டெரித்தால் வெடிக்கும். மழை அடித்தால் கரையும். எனவே நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெளிப்பூச்சு வேலையைத் தொடமாட்டார்கள். பூசி முடித்த சுவர் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. கல்லாய்ப் பிறந்து, நீராய்க் குழைந்து, மீண்டும் கல்லாகும் இப்பொருளுக்கு இணையாக நம் கட்டடக் கலையில் வேறொன்று இல்லை.

இச்சாந்தின் வலிமைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிக்குச் சென்றால் போதும். அங்குள்ள கல்யாண மகாலும் நெற்களஞ்சியங்களும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் சுண்ணாம்பின் துணைகொண்டு எழுந்தவையே. பள்ளிவாசல் 1717-18இல் எழுந்தது. அதிலுள்ள பாரசீகக் கல்வெட்டு அதனைத் தெரிவிக்கிறது. 1714இல் போரில் வீழ்ந்த தேசிங்குக்கும் அவனுக்காக உயிர்விட்ட மகபத்துகானுக்கும் இடையிலிருந்த நட்பை நம் நாட்டுப்புறக் கதைப்பாடல் இன்றளவும் போற்றுகிறது. வென்றவர் கட்டிய பள்ளிவாசலும் தோற்றவன் ஆண்ட கோட்டையும் ஒரே சாந்தால் நிற்கின்றன. 2025 ஜூலையில் மராட்டியர் படைத்தளங்கள் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் கோட்டை பட்டியலில் ஏறிவிட்டதால் கோட்டைக்கு வரும் வழியிலுள்ள வீடுகளும் பிழைத்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. சட்டம் மாளிகைகளைக் காக்கலாம். எட்டு முழ அகல வீட்டின் திண்ணையை அரசிதழ் காக்காது. அத்தெருவில் வாழ்வோர்தாம் காக்க வேண்டும்.

சிமெண்டின் தீங்கைக் கூறுவதாகச் சொன்னேன். இந்தியாவில் சிமெண்டு உற்பத்தி 1904இல் சென்னையில்தான் தொடங்கிற்று. ஆனால் அது சிற்றூர் வீடுகளை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே நூறாண்டு கடந்த நம் வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்பாலோ மண்ணாலோ இணைக்கப்பட்ட நாட்டுச் செங்கற் சுவர்களே. இத்தகைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் நனையும், உலரும். அதன்மேல் சிமெண்டு பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் மேன்மேலும் ஏறுகிறது. அதனோடு ஏறிய உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிந்து, பருத்து, ஒருநாள் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்டு தனியே விழுவதில்லை. தன்னைவிட மென்மையான செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழுகிறது. மரக்காணம் உப்பளக் காற்று வீசும் நம் பகுதியில் இது இன்னும் விரைவு. பத்தாண்டுகளில் 'பழைய வீடு, இனித் தாங்காது' என்ற முடிவுக்கு வருவர். தாங்காமல் செய்தது பழமையன்று. நாம் பூசிய மருந்து.

இதனைப் பெரிய அளவில் உணர்த்தியது தில்லியில் உள்ள ஹுமாயூன் கல்லறை. ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளை 2007 முதல் 2013 வரை அங்கு நடத்திய சீரமைப்பில், அக்கூரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ பத்து இலட்சம் கிலோ சிமெண்டுக் கலவை வெட்டி அகற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் 'பழுது பார்ப்பதாக' எண்ணி ஏற்றிய சுமை அது. அதற்குப் பதில் சுண்ணாம்பு இடப்பட்டது. மேற்கவிகைகளில் பதிக்கும் வண்ண ஓடுகளைச் செய்யும் கலை அங்கு அற்றுப்போயிருந்தது. உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த கைவினைஞர் நிஜாமுத்தீன் பகுதி இளைஞர்களுக்கு அதனைக் கற்றுக்கொடுத்தனர். முகலாயர் வந்த திசையிலிருந்தே அவர் கட்டடத்தின் மருத்துவரும் வந்தனர்.

நம் மாநிலத்தில் இதே பெயர் தாங்கிய ஹுமாயூன் மகால் சென்னைச் சேப்பாக்கத்தில் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய இல்லத்தின் ஒரு பகுதி. 1855இல் நவாபுப் பட்டம் ஒழிக்கப்பட்ட பின்னர் மாளிகை அரசின் கைக்குச் சென்று அலுவலகமாயிற்று. அதன் இரட்டையான கலசா மகால் 2012 ஜனவரி 16 அன்று தீக்கிரையாயிற்று. தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிட்டுப் புதுக்கட்டடம் எழுப்புவது எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், முதலில் கலசா மகாலையும் பின்னர் ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் கொண்டே மீட்டது. சாந்து அரைக்கத் தெரிந்தோர் தமிழகத்தில் இன்னும் உள்ளனர் என்பதை இப்பணி நிறுவிக்காட்டிற்று. இது சிறிய செய்தியன்று.

ஆயின் இன்னும் எத்தனை காலம் இருப்பர்? இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இருக்கிறது. பழங்கட்டடங்கள் அழியப் பணமின்மையே காரணம் என்று மேடைகளில் பேசுகிறோம். அதனைவிடப் பெரிய காரணம் நாம் வேலை கொடுக்கும் முறை. கொத்தனாரிடம் 'சதுர அடிக்கு என்ன?' என்று கேட்கிறோம். சதுர அடிக் கணக்கில் வேலை செய்பவருக்கு நேரமே பகை. சிமெண்டுப் பூச்சு ஒரு நாளில் முடியும். சுண்ணாம்புப் பூச்சு ஒரு மாதம் இழுக்கும். அதே கூலிக்கு முன்னதைச் செய்ய முடியும்போது, எந்த மகன் பின்னதைத் தந்தையிடமிருந்து கற்பான்? சுண்ணாம்பு வேலைக்கு நாட்கூலியே நெறி. அதுவும் தேர்ந்த ஒரு பெரிய கொத்தனார், அவருடன் கற்றுக்கொள்ளும் இரண்டு இளைஞர், மூவருக்கும் கூலி என்று பேசி முடிக்க வேண்டும். இளைஞருக்குத் தரும் கூலி வீண் என்று கணக்குப் பார்ப்போர், பத்தாண்டு கழித்துத் தம் வீட்டுக் காரை பெயரும்போது யாரை அழைப்பர்?

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி இவ்வுண்மையை 1940களிலேயே உணர்ந்தார். மரச்சாரமும் இரும்பும் கிடைக்காத காலத்தில் மண்செங்கல்லால் வளைகூரை எழுப்ப அவர் முயன்றபோது கூரைகள் சரிந்தன. விடை அஸ்வானுக்கு அருகிலுள்ள நூபியச் சிற்றூர்களில் கிடைத்தது. அங்குள்ள கொத்தனார்கள் சாரமின்றியே வளைகூரை கட்டிக்கொண்டிருந்தனர். மாலி நாட்டின் ஜென்னேயிலோ ஊரே இதனை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்குள்ள பெரும் பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் ஒருநாள் ஊர் மக்கள் திரண்டு, மண் குழைத்துச் சுமந்து தர, கொத்தனார் குழுவினர் வெளிச்சுவர் முழுவதையும் புதிதாய்ப் பூசுகின்றனர். சிறுவர் அன்று பார்க்கிறார்கள்; பின்னாளில் பூசுகிறார்கள். வெளிப்பூச்சு ஆண்டுக்கொருமுறை உரியும் என்பதை அவ்வூர் குறையாகக் கருதவில்லை, அதையே விழாவாக்கிக்கொண்டது.

மறுப்புகளும் உண்டு. அவற்றை மழுப்புவது முறையன்று. பழைய வீடு பல பங்காளிகளுக்கு உரியது. ஒருவர் அயல்நாட்டில், ஒருவர் சென்னையில். முற்றத்தைக்கூடப் பங்கிட்டுச் சுவர் எழுப்பியிருப்பர். யார் செலவு செய்வது? தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்து விற்றால் கைமேல் பணம் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அத்தகைய தூண்கள் விலைக்கு நிற்பதைக் காணலாம். வறுமையில் விற்றோரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரியிலும் எல்லாம் நன்மையாக முடிந்ததென்று சொல்ல இயலாது. முகப்பு அழகு பெற்றதும் தெருவின் மதிப்பு உயர்ந்தது. பழைய வீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. திண்ணை இருக்கிறது, அதில் அமர்ந்து வெற்றிலை மடித்த முதியவர் இல்லை. முகத்தை மட்டும் காத்தால் போதுமா என்ற வினா நியாயமானதே. போதாதுதான். ஆயினும் முகமும் போய்விட்ட வீட்டில் மீண்டும் குடியேறுவதற்கு எதுவும் இல்லை. விடுதியாகிவிட்ட வீட்டை ஒரு தலைமுறை கழித்துக் குடும்பம் திரும்பப் பெறலாம். இடித்த வீட்டை எவர் திரும்பப் பெறுவார்?

காத்திருந்தால் என்ன நேரும் என்பதற்கும் புதுச்சேரியே சான்று. 1870களில் கடற்கரையில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதன் நிலை மோசமானதென்று அனைவரும் அறிந்திருந்தனர். பின்னர் ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தோற்றம் திரும்பிற்று. விழுமுன் கைப்பிடிச்சுவரின் செடியைக் களைந்து, ஒழுகும் தளத்தைச் செப்பனிட ஆகியிருக்கும் செலவையும் இந்த 15 கோடியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைப் பொருளியல் துறை மாணவர்களிடம் விடுகிறேன்.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு சொல். வீடுகளைப் பற்றிச் சொன்னது பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் பொருந்தும். தென்கடற்கரையில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் கல்தூண்களும் போதிகைகளும் கொண்டு, இம்மண்ணின் கட்டடக் கலையிலேயே இறையில்லங்களை எழுப்பினர். இன்று ஊர்தோறும் சிறிது வசதி வந்தவுடன் பழைய பள்ளியை இடித்து, கான்கிரீட்டுக் கவிகையும் உயர்ந்த மினாராவும் எழுப்புவதே தொண்டு என்றாகிவிட்டது. தொழுவோர் தொகை பெருகும்போது இடம் தேவை என்பது மெய். பின்புறமோ பக்கத்திலோ விரிவாக்கி, முன்முகப்பை அவ்வண்ணமே விடலாமே! நன்கொடை தருவோர் தம் பெயர் பொறித்த கல்லைப் புதிய சுவரில் காண விரும்புகின்றனர் என்பதுதான் தடையென்றால், பழைய சுவரைப் பூசுவித்தவர் பெயரையும் பொறிக்கலாம். கூடவே பூசிய கொத்தனாரின் பெயரையும் பொறிக்கலாம். முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் வேலை கொடுக்கும் இடத்தில் இருப்போர். ஆண்டுக்கு ஒரு சுவர் அவர்கள் சுண்ணாம்பில் பூசுவித்தாலே, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒரு கொத்தனார் குழு பிழைத்துக்கொள்ளும். கோயில் அறங்காவலர்களும் மாதா கோயில் பங்குக்குழுவினரும் அதே குழுவை அழைத்தால் இரண்டு குழுக்கள் பிழைக்கும். சுண்ணாம்புக்குச் சமயம் கிடையாது. செஞ்சிக் கோட்டைக்குள் நடந்தவர்களுக்கு இது தெரியும்.

மாணவர்களால் ஆவதும் உண்டு. விடுமுறையில் தத்தம் தெருவிலுள்ள பழைய வீடுகளைப் பட்டியலிடுங்கள். எத்தனை தூண்கள், ஓடு நாட்டு ஓடா சீமை ஓடா, திண்ணை திறந்துள்ளதா அடைபட்டுள்ளதா, காரை சுண்ணாம்பா சிமெண்டா என்று குறியுங்கள். நகத்தால் கீறினால் சுண்ணாம்பு வெண்பொடியாக உதிரும்; சிமெண்டில் நகம்தான் தேயும். வீட்டிலுள்ள மூதாட்டியிடம் ஒவ்வோர் உறுப்புக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். நடை, ரேழி, முற்றம், பத்தி, உத்திரம் என ஊருக்கு ஊர் மாறும் சொற்கள் கிடைக்கும். பல்கலைக்கழகம் வெளியிட்ட அகராதியில் இல்லாத சொல்லும் கிடைக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் ஊரில் எவர், அவருக்கு எத்தனை வயது, அவரிடம் எவரேனும் கற்கிறார்களா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இக்கடைசி வினாவின் விடைதான் மற்ற எல்லாவற்றையும்விட விரைவில் மாறிவிடக்கூடியது.

நிர்வாகத்தினருக்கு ஒரு சிறிய வேண்டுகோள். வளாகங்களில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சுவருக்குப் பூச்சு வேலை நடக்கத்தான் செய்கிறது. அடுத்த முறை ஒரு சுவரை, ஒரு சுற்றுச்சுவரின் பகுதியையாவது, பெரியவர் ஒருவரையும் இளைஞர் இருவரையும் நாட்கூலிக்கு அமர்த்திச் சுண்ணாம்பில் பூசுவிக்கலாம். தமிழ், வேதியியல், வரலாறு ஆகிய மூன்று துறை மாணவர்களும் நின்று பார்க்கட்டும். தொட்டி கட்ட ஒரு மூலையும், அரைக்கும் உருளைக்குச் சிறிது இடமும் போதும். மழை தொடங்குமுன் புரட்டாசியில் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் மூடி வைத்தால், மழைக்காலம் முழுவதும் அது ஊறும். தை பிறந்து வானம் வெளுக்கும்போது பூச்சுக்குப் பதமாக இருக்கும். கடுக்காயை மட்டும் பொங்கல் கழிந்தபின் ஊறப்போட்டால் போதும்.